பீல்செபூஃபோ: மடகாஸ்கரின் ராட்சதத் தவளை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி டைனோசரை வாயில் கவ்விக்கொண்டிருக்கும் ராட்சதத் தவளையின் படம் ஒன்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். கீழே 'பிசாசுத் தவளை', 'நாலரைக் கிலோ எடை', 'புலிக்கு நிகரான கடி' என்று ஏதாவது எழுதியிருக்கும். புதைபடிவங்களைப் பற்றிப் பள்ளிகளில் பேசப் போகும்போதெல்லாம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இந்தத் தவளையைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே விட்டுவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் சில முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

இப்படி ஒரு தவளை நிஜமாவே இருந்துச்சா, இல்ல கிராபிக்ஸா?

படம் ஓவியர் வரைந்தது, தவளை நிஜம். அறிவியல் பெயர் பீல்செபூஃபோ ஆம்பிங்கா. இதில் பீல்செபூஃபோ என்பது பேரினத்தின் பெயர். அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்டிருப்பது ஆம்பிங்கா என்ற ஒரே ஓர் இனம்தான். மண்டையோட்டின் பல பகுதிகள், தாடைகள், முதுகெலும்புகள், பின்னங்கால் எலும்புகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு ஊகித்த விலங்கு கிடையாது இது.

எந்த ஊரு, எந்தக் காலம்?

மடகாஸ்கர் தீவின் வடமேற்கில் மஹாஜங்கா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதற்குத் தென்கிழக்கே பெரிவோத்ரா என்ற கிராமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மேவரானோ பாறையடுக்கு வெளியே தெரிகிறது. தவளையின் எலும்புகள் அந்த அடுக்கிலிருந்து வந்தவை. காலம் கிரெட்டேசியஸ் யுகத்தின் கடைசிக் கட்டம், அதாவது சுமார் 7 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர்களின் கடைசிக் காலமும் அதுதான்.

அதே அடுக்கில் கிடைத்த மற்ற விலங்குகளைப் பார்த்தால் இந்தத் தவளை யாரோடு வாழ்ந்தது என்று புரியும். மஜுங்கசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி டைனோசர், ரபெட்டோசாரஸ் என்ற நீண்ட கழுத்துத் தாவர உண்ணி, முன்பற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மாசியாகசாரஸ், மொட்டை மூக்கோடு செடி தின்ற சிமோசூகஸ் என்ற முதலை உறவினர், மாட்சோயா என்ற பெரிய பாம்பு எல்லாம் அங்கே இருந்தன. என்னைக் கேட்டால் சிமோசூகஸுக்கே தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

பேருல ஏன் பிசாசு வருது?

பீல்செபப் என்பது விவிலிய மரபில் பிசாசுகளின் தலைவனுக்குள்ள பெயர், 'ஈக்களின் அதிபதி' என்றும் சொல்வார்கள். அதோடு தேரையைக் குறிக்கும் 'பூஃபோ' என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். ஆம்பிங்கா என்றால் மலகாசி மொழியில் கேடயம், கனத்த மண்டையோட்டுக்காக வைத்தது. பேய் பிசாசுக் கதை எதுவும் இதற்குப் பின்னால் இல்லை.

பேருலயே தேரைன்னு இருக்கே, அப்ப இது தேரையா தவளையா?

விலங்கியலில் தேரையும் தவளைகளுக்குள் அடக்கம். தோல் சொரசொரப்பாக, உடல் குண்டாக, தரையில் நடமாடும் தவளைகளை நாம் தேரை என்கிறோம். உருவத்தை வைத்துப் பார்த்தால் இதையும் அப்படிக் கூப்பிடலாம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையோரம் உட்கார்ந்திருக்கும் தேரையின் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. இதற்கு நெருங்கிய உறவாகச் சொல்லப்படுபவை தென் அமெரிக்காவின் கொம்புத் தவளைகள். அந்த உறவுதான் பெரிய தலைவலி, பின்னால் விரிவாக வருகிறது.

யாரு கண்டுபிடிச்சாங்க?

அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் டேவிட் க்ராஸின் குழு 1993-இல் மஹாஜங்கா பகுதியில் தோண்டத் தொடங்கியது. டைனோசர்களுக்கும் பாலூட்டிகளுக்கும் நடுவே அவ்வப்போது தடிமனான, மேற்பரப்பு முழுக்கக் குழியும் வரம்புமாக இருந்த எலும்புத் துண்டுகள் கிடைத்தன. தவளை எலும்பு என்று தெரிந்தது, ஆனால் எந்தத் தவளை என்று சொல்ல நிபுணர் வேண்டியிருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சூசன் எவன்ஸும் மார்க் ஜோன்ஸும் அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மூவரும் சேர்ந்து 2008-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

முதல் துண்டு கிடைத்ததற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவில் 15 வருடம். புதைபடிவ ஆராய்ச்சியில் இது சகஜம்.

தவளை எலும்பு குச்சி மாதிரி இருக்கும், 7 கோடி வருஷம் எப்படி தாங்குச்சு?

நல்ல கேள்வி. சாதாரணத் தவளையின் எலும்பு தாங்காதுதான். செத்த சில நாளிலேயே கலைந்து நொறுங்கிப் போய்விடும். தவளைப் புதைபடிவங்கள் அரிதாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். இந்தத் தவளைக்கு மண்டையோட்டு எலும்புகள் அளவுக்கு மீறித் தடித்திருந்தன. மேலே கூடுதலாக எலும்புப் படிவு வேறு. அந்தக் கனம்தான் காப்பாற்றியது.

இடமும் கைகொடுத்தது. அன்றைக்கு அந்தப் பகுதியில் நீண்ட வறட்சியும் குறுகிய மழைக்காலமும் மாறி மாறி வந்தன. வறட்சியில் செத்து ஆற்றுப் படுகையில் கிடந்த விலங்குகளை, மழை வந்ததும் குழம்பாக ஓடிவந்த சேறும் மணலும் ஒரே அடியாக மூடின. அதனால் அங்கே எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எலும்பு கனமாக இருந்த தவளைதான் நம் கைக்கு எளிதில் வந்து சேர்கிறது. அதே குளத்தில் மெல்லிய எலும்புள்ள சின்னத் தவளைகள் ஏராளமாக இருந்திருந்தாலும் அவற்றின் தடயம் குறைவாகத்தான் மிஞ்சும்.

ஒரு இடத்துல 40 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 23-ன்னு இருக்கு. எது சரி?

23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் விஞ்ஞானிகள் சொன்னவைதான், அதுவும் அதே ஆட்கள் சொன்னவை. 2008-இல் அவர்களிடம் இருந்தவை தனித்தனி எலும்புகள். ஒரு தவளையின் தாடை, இன்னொரு தவளையின் மண்டைத் துண்டு, மூன்றாவதன் முதுகெலும்பு. இவற்றைச் சேர்த்து ஒரு தலையை உருவாக்கி, தலை இவ்வளவு பெரிதென்றால் உடல் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விடை 40 சென்டிமீட்டருக்கு மேல், எடை சுமார் 4.5 கிலோ என்று வந்தது. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது அந்த எண்ணைத்தான்.

அதற்குப் பிறகு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்த மாதிரிகள் கிடைத்தன. அவற்றை மைக்ரோ சிடி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எலும்பும் எங்கே எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்து, 2014-இல் அதே குழு புதிய ஆட்கள் சிலரோடு மறுபடியும் எழுதியது. பெரிய தவளையின் நீளம் மூக்கு நுனியிலிருந்து உடலின் பின்முனை வரை சுமார் 23 சென்டிமீட்டர் என்று கணக்கு இறங்கியது. கால் இந்த அளவில் சேராது. தவளைகளை எப்போதும் காலை விட்டுவிட்டுத்தான் அளப்பார்கள்.

இப்படி ஒரேயடியாகப் பாதியானதற்குக் காரணம், கொம்புத் தவளை வகைகளில் தலை உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்பதுதான். தலையை வைத்து உடலை ஊகிக்கும்போது எந்த விகிதத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை எங்கேயோ போய்விடும். தலையளவில் ஒரு சின்னப் பிழை இருந்தால் உடலளவில் அது பெருகும். எடையில் இன்னும் மோசம், ஏனென்றால் நீளம் பாதியானால் எடை பாதியாவதோடு நிற்காது, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

2008-இன் எண் பரவிய வேகத்தில் 2014-இன் எண் பரவவில்லை. இன்றைக்கும் பல இடங்களில் நாலரைக் கிலோ என்றே எழுதுகிறார்கள்.

அப்ப உலகத்துலயே பெரிய தவளை இது இல்லையா?

இல்லை. கேமரூனிலும் ஈக்வடோரியல் கினியிலும் இன்றைக்கும் வாழும் கோலியாத் தவளை 30 சென்டிமீட்டரைத் தாண்டும், எடை 3 கிலோவுக்கு மேல் போகும். உயிரோடு இருப்பதுதான் பெரியது. ஆனால் தலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. கோலியாத்தின் மண்டை ஒப்பீட்டில் இலேசானது, பீல்செபூஃபோவினுடையது கோட்டைக் கதவு.

இது டைனோசரைத் தின்னுச்சா?

தின்றதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. வயிற்றுக்குள் எலும்போடு ஒரு மாதிரியும் கிடைக்கவில்லை. 'பொரித்துச் சில நாளான குட்டி டைனோசரைப் பிடித்திருக்க முடியும்' என்று விஞ்ஞானிகள் சொன்னது ஒரு சாத்தியம். அது தலைப்புச் செய்தியில் 'டைனோசரைத் தின்ற தவளை' ஆகிவிட்டது.

எந்த டைனோசர் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ரபெட்டோசாரஸ் குட்டியின் எலும்புகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. பொரிக்கும்போதே அது சுமார் 3.4 கிலோ இருந்திருக்கும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். 23 சென்டிமீட்டர் தவளையைவிடக் குட்டியின் எடை அதிகம், விழுங்க வழியே இல்லை. காக்கை அளவில் இருந்த ரஹோனாவிஸ் என்ற பறவை போன்ற டைனோசரின் குஞ்சோ, மாசியாகசாரஸ் போன்ற சிறிய டைனோசரின் அப்போதுதான் பொரித்த குட்டியோ என்றால் நம்பலாம். அன்றாடச் சாப்பாடு பல்லி, சின்னப் பாலூட்டி, பூச்சி, மற்றத் தவளை என்றுதான் இருந்திருக்கும். இன்றைய கொம்புத் தவளைகளின் தட்டிலும் ஏறக்குறைய அதே பட்டியல்தான்.

தவளைக்குப் பல்லே கிடையாதே, எப்படி கடிக்கும்?

நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். பெரும்பாலான தவளைகளுக்கு மேல்தாடையில் மட்டும் பொடிப் பல் வரிசை உண்டு, கீழ்த்தாடை மொட்டை. தேரைக் குடும்பம் போன்ற சிலவற்றுக்குத்தான் இரண்டு பக்கமும் பல் இல்லை. பீல்செபூஃபோவுக்கு மேல்தாடையில் பல் உண்டு.

பல்லால் மென்று தின்றது என்று நினைத்துவிடக் கூடாது. பிடித்த இரை நழுவாமல் இருக்கத்தான் அது. தவளை விழுங்கும்போது கண்கள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவும். குளத்தங்கரையில் தவளை சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் மூடித் திறக்கும் காட்சி தெரியும்.

கடி புலி மாதிரின்னு போட்டிருந்தாங்களே?

2017-இல் வந்த ஒரு ஆய்வு. இன்றைய கிரான்வெல் கொம்புத் தவளைகளை வளர்த்து, அவை வளர வளர, விசையை அளக்கும் கருவியின் தகடுகளைக் கடிக்க வைத்து அளந்தார்கள். தகட்டின் மேல் தோல் ஒட்டியிருந்தது, பல்லும் தாடையும் கெட்டுவிடக் கூடாதே என்று. நாலரை சென்டிமீட்டர் அகலத் தலையுள்ள தவளை சுமார் 30 நியூட்டன் விசையில் கடித்தது. மூன்று கிலோ எடையை விரல்மேல் வைத்தது போல. தலை பெரிதாகப் பெரிதாகக் கடி அதைவிட வேகமாகக் கூடியது.

அந்த வளர்ச்சி விகிதத்தைப் பிடித்து மேலே நீட்டினார்கள். பிரேசிலில் வாழும் மிகப் பெரிய கொம்புத் தவளைக்குச் சுமார் 500 நியூட்டன், பீல்செபூஃபோவுக்கு 2,200 நியூட்டன் வரை என்று வந்தது. நடுத்தர, பெரிய ஊனுண்ணிப் பாலூட்டிகளின் கடியோடு ஒப்பிடத்தக்கது என்று கட்டுரையில் சொன்னார்கள். புலி வந்தது அங்கிருந்துதான்.

2,200 என்பது மேல் வரம்பு. அளந்தது 30-க்குப் பக்கத்தில், சொல்வது ஆயிரக்கணக்கில். கோட்டை அவ்வளவு தூரம் நீட்டும்போது, எடுத்துக்கொண்ட தலையளவு கொஞ்சம் மாறினாலும் விடை மாறும். உடலளவைப் பற்றி முன்னால் சொன்ன அதே சிக்கல்தான். வலுவான கடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, தாடையைப் பார்த்தாலே தெரிகிறது. புலியை மட்டும் விட்டுவிடலாம்.

நாக்கை நீட்டிப் பிடிக்குமா, வாயாலயே கவ்வுமா?

நாக்கு எலும்பில்லாத உறுப்பு, கல்லில் மிஞ்சாது. இன்றைய கொம்புத் தவளைகள் இரண்டையும் செய்கின்றன. இலைகளுக்குள் புதைந்து அசையாமல் உட்கார்ந்து, இரை பக்கத்தில் வந்ததும் ஒட்டும் நாக்கை வீசி, அதே வேகத்தில் தாடையால் அழுத்திவிடும். அவற்றின் நாக்கை இழுத்துப் பிரிக்கத் தேவைப்படும் விசை தவளையின் சொந்த எடையையே மிஞ்சக்கூடும் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. அகன்ற வாயையும் கனத்த தலையையும் பார்த்தால் பீல்செபூஃபோவும் துரத்தி வேட்டையாடிய ஆளாகத் தெரியவில்லை, காத்திருந்து கவ்வியதுதான்.

படத்துல கண்ணுக்கு மேல கொம்பு, உடம்பு சிவப்பு. அதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?

தெரியவில்லை. நிறம் முழுக்க ஓவியரின் விருப்பம். இன்றைய கொம்புத் தவளைகளின் 'கொம்பு' கண்ணிமைக்கு மேலே நீண்டிருக்கும் சதைதான், எலும்பு கிடையாது. அதனால் புதைபடிவத்தை வைத்து இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

எலும்பில் நிச்சயமாகத் தெரிவது வேறு. மண்டையின் பின்பக்க மூலைகளில் இரண்டு பெரிய தகடுகள் பின்னோக்கி நீண்டிருந்தன. முதுகெலும்பு முட்களின் மேல்முனை தட்டையாக விரிந்து, தலையில் இருப்பது போன்ற அதே குழி வரம்பு வேலைப்பாட்டோடு இருந்தது. 2008-இல் இது எதுவும் தெரியாது, 2014 கட்டுரையில்தான் வெளியே வந்தது. அதற்கு முன் வரைந்த படங்களில் இந்தத் தகடுகள் இருக்காது. ஒரு படம் பழையதா புதியதா என்று பார்க்க இதுவே போதும்.

ஒரு தவளைக்கு எதுக்கு இவ்வளவு கனமான மண்டை?

கடிக்கும்போது மண்டை வளையாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, வறட்சி. மேலே சொன்ன மாதிரி அது மாதக்கணக்கில் மழையில்லாத நாடு. தோல் வழியாகத் தண்ணீரை இழக்கும் ஒரு பிராணி அங்கே பிழைக்க வேண்டுமென்றால் மண்ணுக்குள் போவதுதான் வழி. குழி வரம்புள்ள கனத்த மண்டை, விரிந்த முதுகெலும்பு முனைகள், செவிப்பறை இருந்ததற்கான அடையாளம் இல்லாதது மூன்றையும் சேர்த்து, இது மண்ணைத் தோண்டிப் புதைந்து வறட்சியைக் கடத்தியிருக்கலாம் என்று 2014 கட்டுரை சொல்கிறது.

இன்றைய கொம்புத் தவளைகளிடமும் இந்தப் பழக்கம் உண்டு. வறண்ட காலத்தில் மண்ணுக்குள் இறங்கி, உரிந்த தோலையே அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும்.

செவிப்பறை இல்லேன்னா காது கேக்காதா?

கேட்கும். வெளியே வட்டமாகத் தெரியும் செவிப்பறை இல்லாத தவளைகள் இன்றும் பல உண்டு. தரையின் அதிர்வு கால், உடல் வழியாக உட்காதுக்குப் போகும். மண்ணுக்குள் கிடக்கும் பிராணிக்கு அதுவே பயனுள்ள வழி. எப்படிக் கத்தியது என்று கேட்காதீர்கள், குரல் பையும் சதைதான்.

மடகாஸ்கர்ல இருந்த தவளைக்கு தென் அமெரிக்காவுல எப்படி சொந்தம்? நடுவுல கடல் இருக்கே.

இந்தத் தவளையை மற்ற ராட்சத விலங்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். அளவைப் பற்றிய சண்டை முடிந்தது, இது முடியவில்லை.

மடகாஸ்கர் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவில் இருந்தது. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவோடு சேர்ந்து ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கியது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் கழன்று வடக்கே போனது. பீல்செபூஃபோ வாழ்ந்த காலத்தில் மடகாஸ்கர் தனித்தீவு. தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, தோல் தாங்காது. ஆக, அதன் மூதாதைகள் நிலத்தொடர்பு இருந்த காலத்திலேயே வந்திருக்க வேண்டும்.

2008 கட்டுரை அண்டார்டிகா வழியைச் சொன்னது. அன்றைக்கு அண்டார்டிகா பனிப் பாலைவனமாக இல்லை, காடு இருந்தது, தென் அமெரிக்காவோடு தொட்டுக்கொண்டும் இருந்தது. அங்கிருந்து இந்திய-மடகாஸ்கர் நிலத்துக்கு ஒரு பாலம் கிரெட்டேசியஸின் பிற்பகுதி வரை நீடித்தது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. மடகாஸ்கரின் டைனோசர்களுக்கும் முதலைகளுக்கும் தென் அமெரிக்க, இந்திய உறவுகள் இருப்பதை இவர்கள் காட்டுகிறார்கள். புவியியலாளர்களில் ஒரு சாரார் அந்தப் பாலம் அதற்கு வெகு முன்பே கடலில் மூழ்கிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் கொம்புத் தவளைக் குடும்பம் கண்டங்கள் பிரிவதற்கு முன்பே எல்லா இடத்திலும் பரவியிருந்தது என்று வைக்க வேண்டும்.

அப்படி வச்சா என்ன பிரச்சினை?

மரபணு. இன்று வாழும் தவளைகளின் மரபணு வேறுபாடுகளை வைத்து எந்தக் குடும்பம் எப்போது கிளைத்தது என்று கணக்கிடும் முறை இருக்கிறது. அந்தக் கணக்குகளில் கொம்புத் தவளைக் குடும்பம் இவ்வளவு பழையதாக வருவதில்லை. கோண்டுவானா உடைவதற்கு முன்பே அது இருந்தது என்றால் தவளைகளின் மொத்தக் குடும்ப மரத்தின் காலக்கணக்கையும் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். ஆக, எலும்பு ஒன்று சொல்கிறது, மரபணு இன்னொன்று சொல்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. உறவே இல்லாமல் உருவம் மட்டும் ஒத்துப்போயிருக்கலாம். கனத்த மண்டை தவளைகளில் தனித்தனியாகப் பல தடவை தோன்றிய ஒன்று. ஆப்பிரிக்கக் காளைத் தவளை பார்க்கக் கொம்புத் தவளையின் உடன்பிறப்பு போல இருக்கும், இரண்டும் தூரத்துக் கிளைகள். ஐரோப்பாவில் தௌமாஸ்டோசாரஸ் என்ற புதைபடிவத் தவளையையும் முன்பு தென் அமெரிக்க உறவாகவே பேசினார்கள். பிரான்சில் உலர்ந்த சடலம் போலப் பதப்பட்டிருந்த ஒரு மாதிரியை ஸ்கேன் செய்து 2013-இல் பார்த்தபோது அது ஆப்பிரிக்கக் காளைத் தவளையின் பக்கம் சாய்ந்தது.

பீல்செபூஃபோவை ஆராய்ந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2014-இல் எலும்பையும் மரபணுவையும் சேர்த்துப் போட்ட கணக்கிலும் அது கொம்புத் தவளைகளோடுதான் போய் உட்கார்ந்தது. இது சிக்கலை உண்டாக்குகிறது என்று அவர்களே கட்டுரையில் எழுதியும் இருக்கிறார்கள். முடிவு தங்களுக்கு வசதியாக இல்லாதபோதும் அதை மறைக்காமல் எழுதியதால்தான் இந்தக் கட்டுரை மேல் எனக்கு மரியாதை.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்ததுன்னா, இங்கயும் இந்தத் தவளை கிடைக்கணுமே?

கிடைக்கவில்லை. எதிர்பார்ப்பில் தப்பில்லை. நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த ராஜாசாரஸ் என்ற டைனோசர் மஜுங்கசாரஸுக்கு உறவுதான். அந்த மாதிரி ஒரு கனத்த மண்டைத் தவளையும் ஒருநாள் கிடைக்கலாம்.

இந்தியாவின் பெயர்பெற்ற புதைபடிவத் தவளை வேறு. மும்பை வொர்லியில், தக்காண எரிமலைக் குழம்புகளுக்கு இடையே படிந்த வண்டல் பாறையில் சின்னஞ்சிறு தவளைகள் எலும்பு கலையாமல் பதிந்திருந்தன. டைனோசர் என்ற பெயரையே உண்டாக்கிய ரிச்சர்ட் ஓவன் 1847-இல் அதைப் பற்றி எழுதினார். இண்டோபட்ராகஸ் என்ற பேரினப் பெயர் 1930-இல் வந்தது. எரிமலைகள் வெடித்து ஓய்ந்த இடைவெளிகளில் குளங்கள் உண்டாகி, அங்கே தவளைகள் வாழ்ந்திருக்கின்றன. அளவில் ராட்சதம் இல்லை என்பதால் நம் ஊர்ச் செய்திகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற ஊதாத் தவளை இதோட வாரிசா?

இல்லை. கேரளத்தில் பாதாளத் தவளை என்று சொல்லும் அந்தத் தவளைக்கு 2003-இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். 2017-இல் இன்னோர் இனம் மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அடையாளம் காணப்பட்டது. இரண்டுக்கும் உறவு சீஷெல்ஸ் தீவுகளின் சின்னத் தவளைகள். மண்ணுக்குள் வாழ்வது, கோண்டுவானா உடைந்ததில் தனித்துப்போனது என்ற இரண்டு பொருத்தங்களை வைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். குடும்பம் வேறு. ஊதாத் தவளை கூர்மூக்கோடு பெரும்பாலும் கறையான் தின்னும், பெரிய வாய் அதற்குத் தேவையே இல்லை.

இப்ப மடகாஸ்கர்ல இருக்கிற தவளைகள்ல ஏதாவது இதோட பேரப்பிள்ளையா?

அதுவும் இல்லை. மடகாஸ்கரில் இன்று 300-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே அந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. அவற்றில் பெரும்பாலானவை மாண்டெல்லிடே என்ற குடும்பம். அதற்கு நெருங்கிய உறவு நம் பக்கத்து மரத்தவளைக் குடும்பம்தான். கொம்புத் தவளைகள் சேர்ந்த பெருங்கிளை வேறு, அந்தக் கிளையின் வாரிசு எதுவும் மடகாஸ்கரில் இன்று இயற்கையாக இல்லை. பீல்செபூஃபோவின் வம்சம் அங்கே அறுந்துவிட்டது.

உலகத்தோட முதல் தவளையும் மடகாஸ்கர்தான்னு படிச்சேன். அது இதுவா?

அது ட்ரையடோபட்ராகஸ். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், தீவின் வடபகுதியில் வாழ்ந்தது. 1936-இல் விவரிக்கப்பட்டது. நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். குட்டி வால் இருந்தது, முதுகெலும்புகளின் எண்ணிக்கை இன்றைய தவளைகளைவிட அதிகம், குதிக்கும் அளவுக்குப் பின்னங்கால் நீளவில்லை. முழுத் தவளையாகாத, தவளைக்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பீல்செபூஃபோவுக்கும் நடுவே இருக்கும் காலம், பீல்செபூஃபோவுக்கும் நமக்கும் நடுவே உள்ள காலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒரே தீவு என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

டைனோசரை அழிச்ச விண்கல்தான் இதையும் அழிச்சுதா?

காலம் பொருந்துகிறது. ஆனால் மடகாஸ்கரில் ஒரு கொடுமையான இடைவெளி இருக்கிறது. கிரெட்டேசியஸ் முடிவுக்குப் பிறகு, கடைசிச் சில பத்தாயிரம் ஆண்டுகள் வரை, நிலத்தில் வாழ்ந்த முதுகெலும்பிகளின் புதைபடிவம் ஏறக்குறைய எதுவுமே கிடைப்பதில்லை. ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பக்கங்கள் கிழிந்துபோயிருக்கின்றன. விண்கல் விழுந்த அன்று போனதா, அதற்கு முன்பே போனதா, பிறகு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்ததா என்று அந்த அடுக்கை வைத்துச் சொல்ல முடியாது.

தவளைகள் மொத்தமாக அழியவில்லை என்பது கண்கூடு. 2017-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இன்றைய தவளை இனங்களில் சுமார் 88 சதவீதம் அந்தப் பேரழிவைத் தாண்டிய மூன்று கிளைகளிலிருந்து, அழிவுக்குப் பின் வேகமாகப் பெருகியவை என்று சொன்னது. கொம்புத் தவளைகள் சேர்ந்த கிளை அந்த மூன்றில் ஒன்று. அந்தக் காலக்கணக்கு சரியென்றால், அழிவுக்கு முன்பே கொம்புத் தவளைக் குடும்பத்தில் முழு வளர்ச்சியோடு நிற்கும் பீல்செபூஃபோ இன்னும் இடைஞ்சலாகிறது. மேலே சொன்ன எலும்பு-மரபணுச் சண்டை இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

எலும்புலேருந்து டிஎன்ஏ எடுத்து உறவை முடிவு பண்ணிடலாமே? அப்படியே குளோனிங்கும்...

7 கோடி ஆண்டு டிஎன்ஏ மிஞ்சாது. இதுவரை படிக்கப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்தின் உறைநிலத்திலிருந்து வந்தது, வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. வெயிலில் காய்ந்த செம்மண் நாட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. குளோனிங் பேச்சு அதோடு முடிந்தது.

பின்ன எது கிடைச்சா இந்த உறவுச் சண்டை தீரும்?

இரண்டு விதமான எலும்பு. ஒன்று, இந்தியாவிலோ அண்டார்டிகாவிலோ ஆப்பிரிக்காவிலோ கிரெட்டேசியஸ் காலப் பாறையில் பீல்செபூஃபோவின் உறவு ஒன்று. அண்டார்டிகாவில் கிடைத்தால் பாலம் சொன்னவர்கள் கை ஓங்கும், ஆப்பிரிக்காவில் பழைய அடுக்கில் கிடைத்தால் குடும்பமே பழையது என்பவர்கள் பக்கம் சாயும். அண்டார்டிகாவில் தவளை எலும்பே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் சுமார் 4 கோடி ஆண்டுப் பழைய தவளை இடுப்பெலும்பு ஒன்று கிடைத்து, 2020-இல் வெளியானது. அது சிலி நாட்டில் இன்றும் வாழும் ஒரு தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்னொன்று, பீல்செபூஃபோவின் விடுபட்ட பாகங்கள். குடும்பத்தைத் தீர்மானிக்கும் நுணுக்கங்கள் பல தோள், கை, பாதம் போன்ற மெல்லிய எலும்புகளில் இருக்கின்றன. கனத்த மண்டைதான் இதுவரை அதிகம் கிடைத்திருக்கிறது, தவளைகளில் உருவ ஒற்றுமை ஏமாற்றுவதும் அந்த மண்டையில்தான். பெரிவோத்ராவைச் சுற்றியுள்ள அடுக்குகளில் ஒட்டியபடி இருக்கும் ஓர் உடல் முழுதாகக் கிடைத்தால், அளவு விஷயத்தில் 2014 மாதிரிகள் செய்ததை உறவு விஷயத்தில் அது செய்யக்கூடும்.